நிரலா, அனுமதியா? பழைய மென்பொருளைத் திறந்துவிடும் பெருநிறுவனங்களுக்கு எவ்வளவு பாராட்டு உரியது

2025 நவம்பர் 20 அன்று, சோர்க் என்ற பழம்பெரும் கணினி விளையாட்டின் முதல் மூன்று பாகங்களுடைய மூல நிரலைத் திறந்த மூல உரிமத்தின்கீழ் வெளியிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 6502 என்ற செயலிச் சில்லுக்காக 1976-இல் எழுதப்பட்ட பேசிக் நிரல்மொழியின் 6,955 வரி அசெம்பிளி நிரலையும் அதே நிறுவனம் திறந்துவிட்டிருந்தது. இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. எவ்வளவு பெருந்தன்மை என்று வியப்பவர்கள் ஒருபுறம். நாற்பது ஆண்டு ஊறிய பழையதைப் போட்டுவிட்டு அன்னதானம் என்று பெயர் வாங்குகிறார்கள் எனச் சினப்பவர்கள் மறுபுறம். நிறுவனம் கொடுத்தது நிரலைத்தான் என்று இரு தரப்பாருமே எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அது சரியல்ல. நிறுவனம் உண்மையில் கொடுப்பது அனுமதி. அந்த அனுமதி எத்தகையது, அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதைப் பார்த்தால்தான் பாராட்டின் அளவைத் தீர்மானிக்க முடியும்.

அடிப்படைச் சொற்கள்

நிரலாளர் எழுதும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவமே மூல நிரல். அதைக் கம்பைலர் அல்லது அசெம்பிளர் வழியாகச் செலுத்தி, எந்திரத்துக்கு மட்டுமே புரியும் இயங்கு கோப்பாக மாற்றி, அந்தக் கோப்பைத்தான் நிறுவனங்கள் விற்கின்றன. நெய்து முடித்த பட்டுச்சேலையின் பூவேலையை யாரும் பார்த்து ரசிக்கலாம். ஆனால் அந்தப் பூவைச் சற்றே மாற்றி நெய்ய வேண்டுமென்றால், பூவேலையைத் துளைகளாகக் குறித்து, தறியின் மேல் ஏறும் ஜக்கார்டு அட்டைகள் கையில் இருக்க வேண்டும். விற்கப்படுவது சேலை, மூல நிரல் என்பது அந்த அட்டைகள்.

அட்டைகள் கையில் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. நிரல் எழுதப்பட்ட நொடியிலேயே அதற்குப் பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக ஊழியர்கள் உருவாக்கி வெளியான படைப்புக்குப் பொதுவாக வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் காப்பு உண்டு. 1981-இல் வெளியான டாஸ் என்ற இயங்குதளத்தின் முதல் பதிப்பு, உரிமையாளர் எதுவும் செய்யாவிட்டால், 2076 முடியும்வரை பொதுச் சொத்தாகாது. இந்தியச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஐந்தாண்டுகளில் சந்தையை விட்டுப் போய்விடும் ஒரு பொருளுக்கு ஒரு நூற்றாண்டை நெருங்கும் காப்பு என்பது, என் கணிப்பில், இந்தச் சிக்கல் முழுவதற்குமான வேர். எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் அது ஓடிய கணினிகளும் இல்லாமற்போன பின்னரும் பூட்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பூட்டைத் திறக்கும் ஆவணம்தான் உரிமம். செய்தித் தலைப்புகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆனால் நடைமுறையில் குறைந்தது மூன்று தரங்கள் உள்ளன.

1. பார்வைக்கு மட்டும். ஆப்பிள் லிசா கணினியின் மூல நிரல், அது வெளிவந்து 40 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாக வெளியானது. வணிக நோக்கமற்ற கல்விப் பயனுக்காக ஒருவர் தரவிறக்கிப் படிக்கலாம். பிறருக்குப் பகிரக் கூடாது. அடோபி 2013-இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப் 1.0.1-இன் ஏறத்தாழ 1,28,000 வரி நிரலும் வணிகமற்ற பயனுக்கு மட்டுமே.

2. வழக்குத் தொடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி. ஆராய்ச்சி யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் 8, 9, 10 ஆகிய பதிப்புகளுக்கு, வணிகமற்ற பயன்பாட்டைப் பொறுத்தவரை தம் பதிப்புரிமையை நிலைநாட்டப் போவதில்லை என்று 2017-இல் நோக்கியா தரப்பு எழுதிக் கொடுத்தது. இது முழு உரிமமாகாது.

3. முறையான திறந்த மூல உரிமம். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதையும் பரப்பலாம், விற்கவும் செய்யலாம். எம்ஐடி, ஜிபிஎல் போன்றவை இவ்வகை. எம்ஐடி உரிமம் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. ஜிபிஎல், மாற்றியதைப் பரப்புவோர் தம் மாற்றங்களையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும் என்று கேட்கிறது.

சோர்க்: நிரலைக் காத்தது வேறொருவர்

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதைச் சோர்க்கின் கதையில் மிக அருகில் நின்று பார்க்க முடியும். அந்த விளையாட்டு 1977-க்கும் 1979-க்கும் இடையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் ஆகியோரால் எழுதப்பட்டது. படங்களே கிடையாது; திரையில் சொற்கள் வரும், விளையாடுபவரும் சொற்களால் பதில் தர வேண்டும். பின்னர் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் அதைத் தனிநபர் கணினிகளுக்குள் அடங்குமாறு மூன்று பாகங்களாகப் பிரித்து விற்றது. 1986-இல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அந்தப் பெரிய பேரத்தின் ஒரு மூலையில் சோர்க்கும் கைமாறியது.

ஆனால் சோர்க்கின் மூல நிரல் 2019-இலேயே பொதுவெளியில் இருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட், இன்ஃபோகாம் விளையாட்டுகளின் நிரல்களை அவ்வாண்டு நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றியிருந்தார். அவருக்கு அதற்கான உரிமை கிடையாது. உரிமையாளர் ஒரு கடிதம் அனுப்பினால் மறுநாளே எல்லாம் மறைந்துவிடும் நிலையில்தான் ஆறு ஆண்டுகள் அந்த நிரல் அங்கே இருந்தது. 2025-இல் மைக்ரோசாஃப்ட் புதிதாக எந்த நிரலையும் கொண்டுவந்து கொட்டவில்லை. ஏற்கெனவே இருந்த அந்தத் தொகுப்புகளுக்கு, கிட்ஹப்பின் வழக்கப்படி ஒரு திருத்தக் கோரிக்கையை அனுப்பி, எம்ஐடி உரிமக் கோப்பைச் சேர்க்கச் செய்தது. விளையாட்டின் பெயர் மீதான வணிகக்குறியையும் விளம்பரப் பொருட்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

சேர்ந்தது ஒரு சிறு உரைக் கோப்பு. சில பத்திகளுக்கு மேல் இராது. அதே வேளையில், பெரும்பணம் கொடுத்து வாங்கிய சொத்தின் ஒரு துண்டின்மேல் தனக்கிருந்த தனியுரிமையை அந்தக் கோப்பு நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறது. ஆகவே இங்கே இரண்டு பாராட்டுகள் உள்ளன. காத்த பாராட்டு ஆவணக் காப்பாளருக்கு உரியது. அனுமதித்த பாராட்டு நிறுவனத்துக்கு உரியது. காப்பாளர் செய்த வேலையையும் சேர்த்து நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது தவறு. நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் தவறு, ஏனெனில் அந்த உரிமத்தை உலகில் வேறெவரும் கொடுத்திருக்க முடியாது.

ஒரே நிரல், இரண்டு உரிமங்கள்

அனுமதியின் மதிப்பை இன்னும் துல்லியமாகக் காட்டுவது மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ். 1.25, 2.0 ஆகிய பதிப்புகளின் மூல நிரல் 2014 மார்ச்சில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் தளத்தில் வெளியானது. பலரும் அதைத் திறந்த மூலம் என்றே எழுதினார்கள். உண்மையில் அது வணிகமற்ற ஆய்வுக்கான உரிமம். நிரலை எடுத்து வேறெங்கும் வெளியிடக் கூடாது. 2018 செப்டம்பரில் அதே நிரல் கிட்ஹப்பில் எம்ஐடி உரிமத்தில் மீண்டும் வந்தது. மாறியது உரிமம் மட்டுமே.

இந்த இடைவெளியின் விளைவை ஃப்ரீடாஸ் திட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். டாஸுக்கு மாற்றாக 1994 முதல் தன்னார்வலர்கள் புதிதாகவே எழுதிவரும் இயங்குதளம் அது. ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. 2014-இல் வந்த நிரலை அதன் பங்களிப்பாளர் ஒருவர் ஆர்வத்தில் படித்துவிட்டு, பிறகு அதேபோன்ற ஒரு பகுதியை ஃப்ரீடாஸுக்கு எழுதினால், நகலெடுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் உண்டாகிவிடும். எனவே, டாஸைப் பற்றி உலகிலேயே மிகுந்த அக்கறை கொண்ட மனிதர்கள்தான் அந்த நிரலை விட்டு விலகி நிற்க வேண்டியிருந்தது. பார்வைக்கு மட்டும் திறக்கப்படும் நிரல், அதைப் பயன்படுத்தக்கூடியவர்களுக்கு ஒரு பொறியாகவே அமைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எம்ஐடி உரிமம் வந்தபோது அந்தத் தடை அகன்றது.

2024 ஏப்ரலில் 4.00 பதிப்பும் ஐபிஎம்மின் ஒத்துழைப்போடு எம்ஐடி உரிமத்தில் வெளியானது. அதன் தொடக்கமும் நிறுவனத்துக்கு வெளியில்தான் இருந்தது. மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ரே ஓஸி வைத்திருந்த பழைய வட்டுகளில், ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டக்கூடிய, வெளிவராத ஒரு பல்பணி டாஸின் சோதனைப் பதிப்பு இருப்பதை ஓர் ஆர்வலர் கண்டறிந்து நிறுவனத்தை அணுகினார். நிறுவனத்தினர் தம் காப்பகத்தில் தேடியபோது, அந்தப் பல்பணிப் பதிப்பின் முழு மூல நிரல் அகப்படவில்லை, 4.00-இன் நிரல் கிடைத்தது. தான் உருவாக்கியதையே ஒரு நிறுவனம் தொலைத்துவிடக் கூடும் என்பதை மறக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள், திறப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத நாள் வரை காத்திருந்துவிடுகிறார்கள்.

அந்த வெளியீட்டில் வருந்தத்தக்க குறையும் ஒன்று இருந்தது. அக்காலக் கணினிகள் திரையில் கட்டங்கள் வரைய, 437 என்ற எண் கொண்ட குறியாக்கத்தின் சிறப்புக் குறிகளைப் பயன்படுத்தின. ஒவ்வொரு குறியும் ஒரே பைட். கோப்புகளைக் கிட்ஹப்பில் ஏற்றும் வழியில் அவை யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 ஆக மாற்றப்பட்டதால், அத்தகைய குறி ஒவ்வொன்றும் பல பைட்டுகளாக ஊதிப்போய், சில கோப்புகளைப் பழைய அசெம்பிளரால் ஏற்க முடியவில்லை. கிடைத்தபடியே இயங்கு கோப்பாக மாற்ற முடியாமல், ஆர்வலர்கள் முதலில் அவற்றைச் செப்பனிட வேண்டியதாயிற்று. கிட் என்ற பதிப்புப் பராமரிப்புக் கருவி கோப்புகளின் பழைய தேதிகளைக் காப்பதில்லை என்பதால், எந்தக் கோப்பு எந்த நாளில் திருத்தப்பட்டது என்ற வரலாற்றுத் தடயமும் போய்விட்டது. திஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களிலும் டாப், டாம் எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புதிதல்ல. நேரத்தில் திறந்ததற்குப் பாராட்டும்போது, திறந்த முறைக்காகக் குறை சொல்லவும் இடம் உண்டு. மூலக் கோப்புகளை அவ்வாறே ஒரு சுருக்கத் தொகுப்பாகவும் சேர்த்து வைத்திருந்தால் இந்தச் சேதம் நேர்ந்திருக்காது.

அனுமதி தருவது ஏன் எளிதல்ல

விற்பனை முடிந்த பொருள்தானே, ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றும். தடைகள் உண்மையானவை.

1. பிறருடைய நிரல். 1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டின் நிரலை வெளியிட்டபோது, டாஸ் பதிப்பைக் கொடுக்க முடியவில்லை. அதன் ஒலி நூலகம், அதாவது ஒலியைக் கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பு, வேறொருவருக்குச் சொந்தம். எனவே லினக்ஸ் இயங்குதளத்துக்கான பதிப்பைக் கொடுத்தார்கள். ஃபோட்டோஷாப் வெளியீட்டில் ஆப்பிளிடமிருந்து உரிமம் பெற்ற மேக்ஆப் நூலகம் இல்லை.

2. காப்புரிமை, அதாவது ஒரு நுட்பத்தின் மீதான உரிமை. 2011-இல் டூம் 3 நிரலைத் திறக்கும் முன், நிழல்களை வரையும் ஒரு நுட்பத்தின்மேல் வேறு நிறுவனத்துக்குக் காப்புரிமை இருந்ததால் வழக்கறிஞர்கள் தயங்கினர். அதன் நிரலாளர் ஜான் கார்மாக் அந்தச் சில வரிகளை மாற்றி எழுதிய பிறகே வெளியீடு நடந்தது.

3. பழையது இன்னும் உயிரோடிருத்தல். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிரலின் பகுதிகள் அதன் வழித்தோன்றல்களில் தொடர்வதால், அதைத் திறப்பது இன்றைய பொருளின் பாதுகாப்பையும் தொடும்.

இவற்றைச் சரிபார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 செப்டம்பரில் வினாம்ப் காட்டியது. ஒரு காலத்தில் எம்பி3 என்றாலே நினைவுக்கு வந்த அந்த இசைப்பானின் நிரலை அதன் அப்போதைய உரிமையாளர் கிட்ஹப்பில் வெளியிட்டார். உடன் வந்த உரிமமோ, மாற்றிய பதிப்புகளைப் பரப்புவதைத் தடுத்தது; அதாவது, திருத்தம் செய்து எங்களிடம் கொடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதே அதன் பொருள். கிட்ஹப்பின் சொந்த விதிகளோடும் அது முரண்பட்டது. அதற்கு மேல், டால்பி என்ற ஒலித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளிட்ட பிறருடைய நிரல்களும் அந்தத் தொகுப்புக்குள் கிடப்பதைப் படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களிலேயே தொகுப்பு முழுவதும் நீக்கப்பட்டது. திறப்பு என்ற சொல்லுக்கு மட்டும் கைதட்டியவர்களிடம் இன்று அதில் ஒன்றும் இல்லை.

திரும்பப் பெற முடியாததே மதிப்பு

ஒரு வெளியீட்டை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: நிறுவனத்தின் மனம் நாளை மாறினால் நம் கையில் என்ன மிஞ்சும்? நல்ல உரிமத்தின் உண்மையான வலிமை, கொடுத்தவரின் குணத்தை அது சார்ந்திராமல் நிற்பதில் இருக்கிறது.

பழைய யுனிக்ஸ் இதற்கு நல்ல சான்று. வாரன் டூமியும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டதன் பயனாக, 1998-இல், அப்போது யுனிக்ஸ் உரிமைகளை வைத்திருந்த எஸ்சிஓ நிறுவனம் 100 டாலர் கட்டணத்தில் தனிநபர் உரிமம் தர முன்வந்தது. 2002 ஜனவரியில், எஸ்சிஓவிடமிருந்து அந்த உரிமைகளைப் பெற்றிருந்த கால்டெரா நிறுவனம், ஏழாம் பதிப்பு வரையிலானவற்றையும் 32வி பதிப்பையும் எம்ஐடி போன்ற தளர்வான பிஎஸ்டி பாணி உரிமத்தில் இலவசமாகவே விட்டுக்கொடுத்தது. அதே கால்டெரா சில மாதங்களில் எஸ்சிஓ குரூப் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2003 மார்ச்சில் லினக்ஸ் தொடர்பாக ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, திறந்த மூல உலகின் பெரும் பகையாளியானது. ஆனாலும் 2002-இல் கொடுத்த உரிமம் அசையவில்லை; இன்றும் மாணவர்கள் ஏழாம் பதிப்பை எடுத்து ஓட்டிப் படிக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பின்னாள் நடத்தைக்காக 2002-இன் செயலை மறுக்க வேண்டியதில்லை. 2002-இன் செயலுக்காகப் பின்னாள் நடத்தையை மன்னிக்கவும் வேண்டியதில்லை. பாராட்டு செயலுக்கு உரியது.

இதேபோல், சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் 2010-இல் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத்தின் வளர்ச்சியை மீண்டும் மூடிக்கொண்டபோதும், சன் ஏற்கெனவே திறந்திருந்த நிரலிலிருந்து இல்லுமோஸ் என்ற திட்டம் கிளைத்து வளர்ந்தது.

எவ்வளவு பாராட்டு

உரிமத்துக்கு அடுத்தபடியாக என் கணக்கில் வருவது காலம். டூம் 1993 டிசம்பரில் விற்பனைக்கு வந்து நான்கே ஆண்டுகளில் அதன் நிரல் வெளியானது. 1999-இல் ஜிபிஎல் உரிமமும் பெற்றது. அதை நேசித்த தலைமுறை அப்போது இளமையோடு இருந்தது. நிரலைப் படித்து, பிழை திருத்தி, கண்ணில் பட்ட கருவிகளிலெல்லாம் ஓட்டிப் பார்த்தது. எம்எஸ்-டாஸ் 2.0 பார்வைக்குக் கிடைக்கவே 31 ஆண்டுகள் ஆயின. உண்மையாகத் திறக்க 35. வணிகப் பயன் மிச்சமிருக்கும்போது கொடுப்பதும், அது முற்றிலும் வற்றிய பின் கொடுப்பதும் ஒரே அளவு ஈகை ஆகா. ஆயினும் வற்றிய பின் கொடுப்பதையும் நான் இகழ மாட்டேன். கொடுக்காமலே 95 ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது, பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன.

மூன்றாவது, படைப்பாளியின் பெயர். டாஸை முதலில் எழுதியவர் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த டிம் பேட்டர்சன். 1981-இல் மைக்ரோசாஃப்ட் அதன் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியது. நிரல் திறக்கப்படும்போது குறிப்புரைகளில் எழுதியவர்களின் பெயர்களும் தேதிகளும் வெளிப்படுகின்றன. நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த மனிதர்களுக்கு உரிய பாராட்டு அப்போதுதான் போய்ச் சேரத் தொடங்குகிறது. பழைய நிரலைத் திறப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

திறக்கப்படாததன் நிலை என்னவென்பதை விண்டோஸ் எக்ஸ்பி காட்டுகிறது. 2020 செப்டம்பரில் அதன் மூல நிரல் கசிந்து இணையமெங்கும் பரவியது. தேடினால் யாருக்கும் கிடைக்கும். விண்டோஸுக்கு இணையான இயங்குதளத்தைத் தம் சொந்த உழைப்பில் எழுதிவரும் ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தினருக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை. ஆனால் கசிந்த நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை அந்தத் திட்டம் ஏற்பதில்லை. எனவே, தமக்கு வேண்டிய விடை எட்டும் தொலைவில் இருக்க, அதைத் திறந்து பாராமல், வெளியிலிருந்து அந்த இயங்குதளத்தின் நடத்தையைச் சோதித்துச் சோதித்து ஒவ்வொரு செயற்கூறையும் அவர்கள் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.